வாளும் கேடயமும்: ஆசியாவின் அணு ஆயுத வரலாறு



வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு, சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் இந்த மாலை வேளையில் அணுகுண்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். "அதெல்லாம் பெரிய அரசாங்கங்களின் விவகாரம், தோட்டத்தில் இருக்கும் நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கவும் கூடும். நியாயமான கேள்விதான். இந்த உரை முடிவதற்குள் அதற்கு விடை சொல்லிவிடுகிறேன். முதலில் கொஞ்சம் பழைய கதையைப் பார்ப்போம்.

1945ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். மலாயா அப்போது ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. மரவள்ளிக் கிழங்கைத் தின்று நாளைக் கழித்ததையும், சயாம் இரயில் பாதைக்கு ஆட்களைப் பிடித்துச் சென்றதையும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த ஆகஸ்டு 6ஆம் நாள் காலை 8.15 மணிக்கு, ஜப்பானிலுள்ள ஹிரோஷிமா நகரத்தின்மேல் ஓர் அமெரிக்க விமானம் ஒரே ஒரு குண்டைப் போட்டது. அதன் வலிமை 15,000 டன் வெடிமருந்துக்குச் சமம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பத்து டன் ஏற்றும் லாரிகள் 1,500ஐ வரிசையாக நிறுத்தி, எல்லாவற்றிலும் வெடிமருந்தை நிரப்பி, ஒரே நொடியில் வெடிக்க வைத்தால் எப்படி இருக்கும்? அந்த ஒரு குண்டு அப்படித்தான் இருந்தது. மூன்று நாள் கழித்து நாகசாகி நகரத்தின்மேல் இன்னொரு குண்டு விழுந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறக்குறைய 140,000 பேரும், நாகசாகியில் ஏறக்குறைய 70,000 பேரும் மாண்டு போனார்கள்.

ஹிரோஷிமாவில் அன்று நம் நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஜப்பானிய ஆட்சியாளர்கள் படிப்புக்காக அனுப்பி வைத்த மலாயா மாணவர்கள் மூவர் அங்கே இருந்தார்கள். குண்டு விழுந்தபோது ஒருவர் இறந்தார். இன்னொருவர் சில வாரங்களில் கியோத்தோ நகரத்தில் உயிர்விட்டார். அவருடைய கல்லறை அங்கேயே இருக்கிறது. மூன்றாமவர்தாம் உயிரோடு ஊர் திரும்பினார். ஆகவே, அணுகுண்டு எங்கோ யாருக்கோ நடந்த சங்கதி என்று முதல் நாளிலிருந்தே நம்மால் சொல்ல முடியாது.

நேயர்களே, அணு ஆயுதம் ஆசியாவின் தலையில் விழுந்தது 1945இல். ஆசிய நாடு ஒன்று அதைத் தானே செய்துகொண்டது 1964இல். எப்படி அது நடந்தது?

1950 முதல் 1953 வரை நடந்த கொரியப் போரில் அமெரிக்கப் படையும் சீனப் படையும் நேருக்கு நேர் மோதின. பிறகு தைவான் நீரிணையில் தகராறு எழுந்தபோது, அமெரிக்கா அணுகுண்டைக் காட்டிப் பயமுறுத்தியது. இந்த மிரட்டலுக்கு அடங்கி வாழ முடியாது என்று நினைத்த சீனா, தானும் குண்டு செய்வதென்று 1955இல் முடிவெடுத்தது. முதலில் உதவிய சோவியத் ரஷ்யா சில ஆண்டுகளில் கையை விரித்துவிட்டது. இருந்தும் 1964ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், லோப் நோர் என்ற பாலைவனப் பகுதியில் சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்துச் சோதித்தது. "போரில் நாங்கள் இதை முதலில் பயன்படுத்த மாட்டோம்" என்ற வாக்குறுதியையும் அப்போதே உலகுக்குக் கொடுத்தது.

இதைக் கேட்டு அதிகம் கலங்கியது இந்தியா. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர்தான், 1962இல், இமயமலை எல்லையில் சீனாவிடம் அது தோற்றிருந்தது. நேரு காலமாகி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. குண்டு வேண்டுமா வேண்டாமா என்ற வாதம் இந்தியாவில் அன்றே தொடங்கிவிட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 1974 மே 18ஆம் நாள், இராஜஸ்தான் பாலைவனத்தில் பொக்ரான் என்ற இடத்தில் நிலத்துக்கு அடியில் இந்தியா ஒரு சோதனை செய்தது. இது அமைதிக்கான சோதனை என்று பிரதமர் இந்திரா காந்தியின் அரசு கூறியது.

பக்கத்து நாடான பாகிஸ்தானோ 1971ஆம் ஆண்டுப் போரில் தோற்று, தன் கிழக்குப் பகுதியையே இழந்திருந்தது. அந்தப் பகுதிதான் இன்றைய வங்காளதேசம். அந்தத் தோல்வி நடந்த சில வாரங்களிலேயே, 1972 ஜனவரியில், சுல்பிகார் அலி பூட்டோ தம் நாட்டு விஞ்ஞானிகளை முல்தான் நகரத்தில் கூட்டி அணுகுண்டு வேலையைத் தொடங்கி வைத்தார். 1998 மே மாதத்தில் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. மே 11, 13 ஆகிய நாட்களில் இந்தியா மீண்டும் பொக்ரானில் சோதனை நடத்தியது. மே 28, 30 ஆகிய நாட்களில் பாகிஸ்தான் பலுச்சிஸ்தானத்தில் தன் சோதனைகளை நடத்தியது.

இதில் ஒரு சங்கிலித் தொடர் இருப்பதைக் கவனியுங்கள். அமெரிக்காவுக்குப் பயந்து சீனா செய்தது. சீனாவுக்குப் பயந்து இந்தியா செய்தது. இந்தியாவுக்குப் பயந்து பாகிஸ்தான் செய்தது. ஒவ்வொரு நாடும் தற்காப்புக்குத்தான் என்று சொன்னது. அப்படிச் சொன்னதில் பொய்யும் இல்லை. ஆனால் ஒருவருடைய தற்காப்பு அடுத்தவருக்கு ஆபத்தாகத் தெரிந்தது.

சரி, இத்தனை குண்டுகள் இருந்தும் நாகசாகிக்குப் பிறகு ஒன்றுகூடப் போரில் வெடிக்கவில்லையே, ஏன்?

ஒரு லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் இரண்டு குடும்பங்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் தீராத பகை. இருவர் வீட்டிலும் ஒரு பாராங் கத்தி இருக்கிறது. "நான் வெட்டினால் அவனும் திருப்பி வெட்டுவான்" என்பது இருவருக்கும் தெரியும். அதனால் வாய்ச்சண்டை நடக்கும். வேலியைப் பிடுங்கிப் போடுவதும் நடக்கும். கத்தியை மட்டும் எடுக்க மாட்டார்கள். இதை அறிஞர்கள் அச்சச் சமநிலை என்கிறார்கள். இது அன்பினால் வந்த அமைதி அன்று. பயத்தினால் வந்த அமைதி. ஆனாலும், திருப்பி அடிக்கும் பலம் தன்னிடம் இருக்கிறது என்று இருவரும் நம்பும்வரையில் அது நிலைத்திருக்கும்.

இப்போது ஒரு வீட்டுக்காரர் நல்ல இரும்புக் கேடயம் ஒன்றை வாங்கி வருகிறார். "நான் யாரையும் வெட்டப் போவதில்லை. என்னைக் காத்துக்கொள்ளத்தான் இது" என்கிறார். அவர் மனமறியச் சொல்வதும் உண்மைதான். ஆனால் அடுத்த வீட்டுக்காரர் இரவெல்லாம் தூங்காமல் யோசிக்கிறார். "இனி அவன் என்னை வெட்டலாம், நான் திருப்பி வெட்டினால் கேடயத்தால் தடுத்துவிடுவான். அப்படியானால் என் ஒரு கத்தி போதாது." விடிந்ததும் போய் இன்னும் மூன்று கத்தி வாங்கி வருகிறார். கேடயம் வந்ததால் அந்த லயத்தில் கத்திகள் குறைந்தனவா, கூடினவா?

ஏவுகணைத் தடுப்பு என்பது இந்தக் கேடயம்தான். எதிரி ஏவுகணையை ஏவியதும் ராடார் அதைக் கண்டுபிடிக்கும். அது எந்த வழியில், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணினி கணக்குப் போடும். உடனே இங்கிருந்து இன்னொரு ஏவுகணை புறப்பட்டுப் போய் அதை வானத்திலேயே தாக்கி அழிக்க வேண்டும். சொல்வது எளிது, செய்வது மிகக் கடினம். அதுமட்டுமன்று. சாதாரணக் குண்டு பத்து வந்து ஒன்பதைத் தடுத்துவிட்டால் அது பெரிய வெற்றி. அணுகுண்டு பத்து வந்து ஒன்பதைத் தடுத்தாலும், மிஞ்சிய ஒன்று இன்னொரு ஹிரோஷிமா.

வல்லரசுகள் இந்த ஆபத்தை முன்பே உணர்ந்திருந்தன. அமெரிக்காவும் சோவியத் ரஷ்யாவும் 1972ஆம் ஆண்டு மே 26ஆம் நாள் மாஸ்கோவில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. "நம் இருவர் கேடயமும் சிறியதாகவே இருக்கட்டும்" என்பதுதான் அதன் சாரம். பரம எதிரிகள் இருவர், தங்களைக் காக்கும் கருவிக்குத் தாங்களே அளவு வைத்துக்கொண்டார்கள். கேட்பதற்கு விந்தையாக இல்லையா? கேடயம் பெருத்தால் வாளும் பெருகும் என்று அனுபவத்தில் கண்டுகொண்டதால் அப்படிச் செய்தார்கள். முப்பது ஆண்டுகள் அந்த ஒப்பந்தம் நடைமுறையில் இருந்தது. 2002 ஜூன் மாதம் அமெரிக்கா அதிலிருந்து விலகிக்கொண்டது. வடகொரியா போன்ற நாடுகள் ஏவக்கூடிய சில ஏவுகணைகளைத் தடுக்கவே இந்தக் கேடயம் என்று அது காரணம் சொன்னது.

அதன் அதிர்வு ஆசியா முழுவதும் பரவியது. சீனாவிடம் அப்போது இருந்தவை கொஞ்சம் அணு ஆயுதங்களே. "அமெரிக்கா முந்திக்கொண்டு தாக்கி நம்முடையதில் பெரும்பகுதியை அழித்துவிட்டு, மிஞ்சியதைக் கேடயத்தால் தடுத்துவிட்டால் நம் கதி என்ன?" என்ற கவலை அதற்கு வந்தது. 2010 ஜனவரியில் சீனா தன் தடுப்பு ஏவுகணையைச் சோதித்தது. 2021இல் விண்கோள் படங்களை ஆராய்ந்தவர்கள், சீனாவின் பாலைவனங்களில் ஏவுகணைகளை நிறுத்துவதற்கான நிலத்தடிக் கிணறுகள் ஏறக்குறைய 300 கட்டப்படுவதைக் கண்டார்கள்.

சீனா பெருக்கினால் இந்தியா சும்மா இருக்குமா? இங்கே நம் எல்லோருக்கும் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இராமேஸ்வரத்தில் பிறந்து, இந்தியாவின் குடியரசுத் தலைவராக உயர்ந்த டாக்டர் அப்துல் கலாம்தாம் 1983இல் தொடங்கிய இந்திய ஏவுகணைத் திட்டத்துக்குத் தலைமை தாங்கினார். 1988இல் பிருத்வியும் 1989இல் அக்னியும் முதன்முறையாகப் பறந்தன. ஓர் எளிய தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை இவ்வளவு உயர்ந்ததில் நமக்கெல்லாம் பெருமை உண்டு. அந்தப் பெருமை இருக்கும்போதே, அந்த ஏவுகணைகள் எல்லையின் அப்பால் இருப்பவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்றும் யோசிப்பது நல்லது.

2006 நவம்பரில் இந்தியா தன் தடுப்பு ஏவுகணையை முதன்முதலில் சோதித்தது. 2018இல் ரஷ்யாவிடமிருந்து எஸ்-400 என்ற வான்பாதுகாப்புக் கருவிகளை வாங்க ஒப்பந்தம் செய்தது. பாகிஸ்தான் என்ன செய்தது? 2017 ஜனவரியில் அபாபீல் என்ற ஏவுகணையைச் சோதித்தது. ஒரே ஏவுகணையின் தலையில் பல குண்டுகளை வைத்து, வெவ்வேறு இலக்குகளுக்கு அனுப்பும் முறை அது. இந்தியாவின் கேடயத்துக்குப் பதிலாகத்தான் இதைச் செய்தோம் என்பதை அந்நாடு மறைக்கவில்லை. 2024 மார்ச் 11ஆம் நாள் இந்தியாவும் 5,000 கிலோமீட்டருக்கு மேல் செல்லும் அக்னி-5இல் அதே பல குண்டு முறையைச் சோதித்தது. லயத்து வீட்டில் ஒரு கேடயத்துக்கு மூன்று கத்தி வந்த கதைதான் இங்கும் நடந்தது.

ஸ்டாக்ஹோமிலுள்ள அமைதி ஆய்வு நிலையம் 2025 ஜனவரிக்கு மதிப்பிட்ட கணக்கின்படி, சீனாவிடம் 600, இந்தியாவிடம் 180, பாகிஸ்தானிடம் 170, வடகொரியாவிடம் 50 அணு ஆயுதங்கள் இருந்தன. ரஷ்யாவும் அமெரிக்காவும் ஒவ்வொன்றும் 5,000க்கு மேல் வைத்திருந்தன.

கொரியாவிலும் இதே கதைதான். வடகொரியா 2006இல் அணுகுண்டைச் சோதித்தது. தென்கொரியாவைக் காக்க அமெரிக்கா 2017இல் சொங்ஜூ என்ற மாவட்டத்தில் தடுப்பு ஏவுகணைகளை நிறுத்தியது. அதன் ராடார் தன் நாட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கும் என்று சீனா சினந்து, தென்கொரியாவின் வாணிகத்தைப் பலவாறு முடக்கியது. சொங்ஜூ மக்கள் முலாம்பழம் பயிரிடும் விவசாயிகள். "எங்கள் ஊரைக் காப்பதாகச் சொல்லிவிட்டு, எதிரி முதலில் குறி வைக்கும் இடமாக ஆக்கிவிட்டீர்களே" என்று அவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். கேடயத்தின் நிழலில் வாழ்வது எப்படிப்பட்டது என்பதை அந்த விவசாயிகள் புரிந்துகொண்டிருந்தார்கள்.

நேயர்களே, எல்லாவற்றையும்விட என்னை அச்சுறுத்துவது வேறொன்று. அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையில் ஏவுகணை பறக்க ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகும். இந்தியாவும் பாகிஸ்தானும் ஒட்டிய நாடுகள். அங்கே சில நிமிடங்களே போதும். அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வருவது உண்மையான தாக்குதலா, தவறுதலா என்று ஆராய நேரமே இருக்காது.

தவறு நடக்குமா என்று கேட்கிறீர்களா? நடந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் மாலை, இந்தியாவிலிருந்து ஓர் ஏவுகணை தவறுதலாகப் புறப்பட்டு, பாகிஸ்தானுக்குள் 124 கிலோமீட்டர் பறந்து, மியான் சன்னு என்ற ஊருக்கருகில் விழுந்தது. நல்லவேளையாக அதில் குண்டு இல்லை, யாரும் சாகவில்லை. இரண்டு நாள் கழித்து இந்தியா வருத்தம் தெரிவித்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் விமானப்படை அதிகாரிகள் மூவர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். பாகிஸ்தான் பொறுமையாக இருந்தது. இரு நாடுகளும் சினந்து நின்ற ஒரு வேளையில் அது நடந்திருந்தால்?

அப்படியானால் எது இதுவரை ஆசியாவைக் காப்பாற்றியிருக்கிறது? பயம் ஒரு காரணம். அதிர்ஷ்டமும் கொஞ்சம் உண்டு. ஆனால் பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வராத மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது. அது பேச்சு.

1988ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், ராஜீவ் காந்தியும் பேனசிர் பூட்டோவும் பிரதமர்களாக இருந்தபோது, இஸ்லாமாபாத்தில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்பது அதன் சாரம். தாக்காமல் இருப்பதற்கு அவை எங்கே இருக்கின்றன என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்காக ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1ஆம் நாள் இரு நாடுகளும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. இது 1992இல் தொடங்கியது. 1999இல் கார்கில் மலையில் போர் நடந்தது. அடுத்த ஜனவரி 1இல் பட்டியல் மாறியது. 2001 டிசம்பரில் இந்திய நாடாளுமன்றம் தாக்கப்பட்டு, இரு பக்கமும் இலட்சக்கணக்கான படையினர் எல்லையில் நின்றபோதும், 2002 ஜனவரி 1இல் பட்டியல் மாறியது. 2025 மே மாதம் நான்கு நாள் மோதலில் இரு தரப்பு விமானத் தளங்களே தாக்கப்பட்டன. அந்த மோதலைக்கூட மே 10ஆம் நாள் இரு நாட்டு இராணுவ உயர் அதிகாரிகள் தொலைபேசியில் பேசித்தான் நிறுத்தினார்கள். 2026 ஜனவரி 1இல் பட்டியலும் வழக்கம்போல் மாறியது. அதே நாளில் தத்தம் சிறைகளில் இருக்கும் மற்ற நாட்டுக் கைதிகள், மீனவர்களின் பெயர்ப் பட்டியலையும் கொடுத்து வாங்குகிறார்கள்.

சீன எல்லையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. எல்லைக் கோட்டுக்கு இரண்டு கிலோமீட்டருக்குள் துப்பாக்கி சுடுவதில்லை என்று இந்தியாவும் சீனாவும் 1996இல் ஒப்புக்கொண்டன. 2020 ஜூன் 15ஆம் நாள் இரவு கல்வான் பள்ளத்தாக்கில் இரு படைகளும் மோதின. இந்தியத் தரப்பில் 20 பேர் இறந்தார்கள். தங்கள் தரப்பில் நால்வர் இறந்ததாகச் சீனா பின்னர் தெரிவித்தது. அணுகுண்டு வைத்திருக்கும் இரண்டு நாடுகளின் வீரர்கள் அன்று கல்லாலும் தடியாலும்தான் அடித்துக்கொண்டார்கள். கொடுமைதான். ஆனால் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம் அன்றிரவு துப்பாக்கிகளை அடக்கி வைத்தது என்பதையும் மறக்கக்கூடாது.

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இதனால் தோட்டத்தில் இருக்கும் நமக்கு என்ன?

2023 ஜூலையில் இந்தியா, பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியைத் தடை செய்தது. போரும் இல்லை, குண்டும் இல்லை. வெறும் அரசாங்க உத்தரவு. அந்தச் செப்டம்பரில் நம் நாட்டில் இறக்குமதி வெள்ளை அரிசியின் மொத்த விலை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக ஏறியது. கடைகளில் உள்ளூர் அரிசியும் தட்டுப்பட்டது. பையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைந்தது நம் வீட்டுப் பெண்களுக்கு நினைவிருக்கும். ஓர் உத்தரவுக்கே இந்தப் பாடு என்றால், அரிசி விளையும் அந்த மண்ணில் அணுப்போர் மூண்டால்? ஹிரோஷிமா அளவுள்ள 100 குண்டுகள் அங்கே வெடித்தால், எரியும் நகரங்களின் புகை மேல்வானத்தில் பரவி, உலகெங்கும் வெயில் குறைந்து, பல ஆண்டுகளுக்கு விளைச்சல் கெடும் என்று 2007இல் வெளிவந்த விஞ்ஞானிகளின் ஆய்வு கூறுகிறது. கணக்கில் ஏற்றத்தாழ்வு இருக்கலாம். ஆனால் புகைக்குக் கடப்பிதழ் தேவையில்லை.

நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் இல்லை. மலேசியா, சிங்கப்பூர் உட்படத் தென்கிழக்காசிய நாடுகள் பத்தும் 1995 டிசம்பர் 15ஆம் நாள் பேங்காக்கில் கூடி, இந்த வட்டாரத்தில் அணு ஆயுதத்தைச் செய்வதும் இல்லை, வைத்திருப்பதும் இல்லை என்று ஒப்பந்தம் செய்தன. 1997 முதல் அது நடப்பில் இருக்கிறது. அணு ஆயுதத்தை அடியோடு தடை செய்யும் உலக உடன்படிக்கையை மலேசியா 2020இல் உறுதிப்படுத்தியது. சிறிய நாடுகளின் குரல்தான். இருந்தாலும் "குண்டு இல்லாமலும் ஒரு நாடு மரியாதையோடு வாழலாம்" என்பதற்கு நாம் சாட்சியாக நிற்கிறோம்.

பழைய தோட்டத்து லயங்களை நினைத்துப் பாருங்கள். வாசல்கள் பத்து இருக்கும். அடுப்புகள் பத்து இருக்கும். மேலே கூரை மட்டும் ஒன்றுதான். ஒரு வீட்டில் தீப்பிடித்தால், அது யார் வீட்டுச் சண்டையால் வந்த தீ என்று கூரை பார்க்காது. அதனால்தான் லயத்தில் இரண்டு வீட்டார் முறைத்துக்கொண்டு நின்றால், பெரியவர்கள் ஓடி வந்து, "கத்தியை உள்ளே வை, முதலில் பேசு" என்பார்கள். ஆசியாவின் பெரிய நாடுகளுக்கும் சொல்ல வேண்டியது அதுதான். அடுத்த ஜனவரி 1ஆம் நாள் செய்தி கேட்கும்போது, டில்லியும் இஸ்லாமாபாத்தும் பட்டியலை மாற்றிக்கொண்டனவா என்று கவனித்துக் கேளுங்கள். ஓரிரு வரியில் வந்து போகும் சின்னச் செய்தி அது. அந்தச் செய்தி வரும்வரை, பேசுவதற்கு ஒரு கதவு இன்னும் திறந்திருக்கிறது என்று நாம் நிம்மதியடையலாம்.